நாலு பிள்ளைகள் அளந்த வேலி

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களில் பலரும் என்னைப் பார்த்தால் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "சார், பிள்ளைங்க வீட்டுக்குப் போனா டிவி, இல்லன்னா செல்போன். அதுலேர்ந்து பிரிக்கிற மாதிரி வீட்டுல செய்ய ஏதாவது கொடுக்கலாமா?"

கொடுக்கலாம். தாராளமாகக் கொடுங்கள். இலை சேர்க்கச் சொல்லுங்கள், கதை கேட்டு எழுதச் சொல்லுங்கள், படம் வரையச் சொல்லுங்கள். அளக்கச் சொல்வதற்கு முன்னால் மட்டும் என்னை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அளக்கச் சொல்லித்தான் நான் ஓர் ஊரில் பட்டப்பகலில் கலகம் மூட்டினேன்.

அரசாங்கம் வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்த காலம் அது. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையோரம் ஒரு கிராமத்தில் நான் தலைமையாசிரியர். ஈராசிரியர் பள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள், நான்தான் படிக்கவைத்தேன்.

நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். எந்தக் கிழமை வாய்க்காலில் தண்ணீர் வந்தது, எந்தக் கிழமை முதல் நடவு நடந்தது என்று எல்லாம் இருக்கும். கீழத்தெருவில் டிவிக்கள் வந்து இறங்கியது ஒரு வியாழக்கிழமை. மறுநாள் என் வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதி வந்தவர்கள் நாலே பேர். விசாரித்தேன். அந்த நாலு பேர் வீட்டிலும் டிவி செருகப் பிளக் பாயிண்ட் இல்லை.

அதற்கு அடுத்த வெள்ளியிலிருந்து நான் ஆரம்பித்ததுதான் 'வெள்ளிக்கிழமை வேலை'. சனி, ஞாயிறு வீட்டில் செய்து, திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும். டிவி ஓடும்போது செய்யக் கூடாது, அது ஒன்றுதான் விதி.

முதல் வெள்ளி, வீட்டில் கலந்து கிடக்கும் இரண்டு வகைத் தானியங்களைப் பிரித்து எடுத்து வரச் சொன்னேன். ஒரு பையனின் வீட்டில் எதுவும் கலந்து கிடக்கவில்லை. வேலையைச் செய்யாமல் வருகிற பிள்ளை இல்லை அவன். அதனால் முதலில் கலந்திருக்கிறான். திங்கட்கிழமை காலை அவன் அப்பா அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"சார், ஆடுதுறை விதைநெல்லையும் சி.ஆர். விதைநெல்லையும் நடுவீட்டுல கொட்டி ஒண்ணாக் கலந்து வச்சிருக்கான். ஏன்டான்னு கேட்டா, சார் பிரிக்கச் சொன்னாருங்கிறான். நீங்களே வந்து பிரிச்சுக் குடுங்க, நான் நாத்து விடணும்."

போனேன். மூன்று நாள் சாயங்காலம் அந்தப் பையனோடு உட்கார்ந்து பிரித்தேன். அவன் ஒரு நிமிஷம்கூட டிவி பார்க்கவில்லை என்ற அளவில் அந்த வேலை வெற்றி.

இரண்டாவது வெள்ளி, மாலை ஆறிலிருந்து ஏழு வரை வீட்டில் கேட்கும் சத்தங்களை எழுதி வரச் சொன்னேன். ஒரு பெண் குழந்தை குக்கர் விசில், ஆடு, கொசு என்று அழகாகத் தொடங்கி, அதற்குப் பிறகு அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டதை ஒரு சொல் விடாமல் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். என்னோடு பணியாற்றிய டீச்சர் அதைப் படித்துவிட்டு நோட்டை மெல்ல மூடி என் மேசையில் வைத்தார்.

"இதத் திருத்த என்னால ஆகாதுங்க சார். எழுத்துப்பிழை ஒண்ணுகூட இல்ல."

இந்த டீச்சரின் பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார். என்னைவிட இருபது வயது சின்னவர். தினமும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார். நான் பத்து புத்தகம் படித்துக் கண்டுபிடிப்பதை அவர் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தே கண்டுபிடித்துவிடுவார்.

மூன்றாவது வெள்ளிதான் வினை. "உங்கள் வீட்டு வாசல்படியிலிருந்து எதிரே முதலில் வரும் ஏதாவது ஒன்று வரை, உங்கள் பாதத்தால் அளந்து வாருங்கள். குதிகாலும் கட்டைவிரலும் ஒட்டியிருக்க வேண்டும்." எளிய விளையாட்டு. பிள்ளைகளுக்கும் பிடித்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தேதி போட்டு எழுதுகிறவனுக்கு ஒரு தடவை அளந்தால் போதாது. மாதத்தின் முதல் வெள்ளி தோறும் அதே வேலை என்று அறிவித்தேன். வகுப்பறைச் சுவரில் ஒரு பெரிய அட்டையை ஒட்டினேன். இடப்பக்கம் பிள்ளைகளின் பெயர், மேலே மாதங்கள், கட்டத்தில் எண்ணிக்கை. ஆடியில் தொடங்கி அந்த வருஷம் முழுவதும், அடுத்த வருஷமும் தை வரைக்கும், கோடை விடுமுறை தவிர ஒரு மாதம்கூட விடாமல் ஓடியது. பார்க்கிற அதிகாரி எல்லாம் அதைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அதில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

படித்தவர் தங்கையன். கீழத்தெருக்காரர், விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் அந்த ஊருக்குப் பொறுப்பு. பொங்கல் கழிந்த வாரம், தன் மகனுக்குச் சாதிச் சான்றிதழ் விஷயமாக வந்தவர் அட்டைக்கு முன்னால் நின்றுவிட்டார். ஐந்து நிமிஷம் நின்றார். பிறகு விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் படித்தார்.

"சார், இலக்கியா வூட்டு வாசல்லேர்ந்து வேலிக்கு ஆடி மாசம் பதினொண்ணு. இந்தத் தையில ஒம்பதரை. என்னா சார் இது?"

"பாதக் கணக்குங்க. பிள்ளைங்க அளந்தது."

"என் மவன் பேருக்கு நேரா பாருங்க. பன்னெண்டு, இப்ப பத்தரை. அடுத்த ரெண்டு பிள்ளைங்களுக்கும் குறைஞ்சிருக்கு. நாலு வூடு, நாலு பிள்ளைங்க. நாலுமே குறையுது சார்! அவன் வேலிய நவுத்திக்கிட்டே வர்றான்னு பத்து வருஷமா கத்துறோம். எழுத்துல இருக்கான்னு கேட்டாங்க. இந்தா, தேதியோட இருக்கு!"

வேலி யாருடையது என்று சொல்ல வேண்டும். கீழத்தெருவுக்குள் போக ஒரே சந்து. ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் பண்ணை சிதம்பரத்தின் தென்னந்தோப்பு வேலி. கூலிக்காகவும் குடியிருக்கும் மனைக்காகவும் அந்தத் தெருவும் பண்ணையும் மோதிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. நான் போனபோது அது ஓய்ந்து, அடிதடி எல்லாம் மனுவாக மாறியிருந்தது. சந்தில் பாதி சாக்கடை. மிச்சத்தில் வேலி முள் நீட்டிக்கொண்டிருக்கும். ஆட்டோக்காரர்கள் மெயின்ரோட்டிலேயே நின்றுவிடுவார்கள்.

அட்டையில் முதல் பெயராக இருந்த இலக்கியாவின் அம்மா செல்விக்கு அப்போது எட்டு மாதம். இலக்கியா பிறந்தபோது செல்வியைக் கயிற்றுக் கட்டிலில் வைத்து நாலு பேர் ரோடு வரை தூக்கிக்கொண்டு போனார்கள். அடைமழை. நடுவில் ஒருவர் வழுக்கி, கட்டில் சாக்கடைப் பக்கம் சாய்ந்து, தலைகீழாகப் போகாமல் தப்பியது. அன்று தங்கையனோடு செல்வியும் பள்ளிக்கு வந்திருந்தாள். அட்டையைப் பார்த்துவிட்டு அவள் சொன்னது என் நாட்குறிப்பில் அப்படியே இருக்கிறது.

"நாலு பேரு தூக்கிக் கட்டில்ல போறது எல்லாருக்கும் ஒரு தடவதான் சார். நான் ஒரு தடவ போயிட்டு வந்துட்டேன். மறுபடியும் என்னைப் போகச் சொல்றாங்க."

ஆட்டோ வாசலுக்கு வரவேண்டும். மாசிக்குள் வரவேண்டும். அவ்வளவுதான் வழக்கு.

மறுநாளே தெரு மொத்தமும் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு ஊர்வலம் போனது. மனுவில் ஆதாரம் என்ற இடத்தில் 'பள்ளிக்கூடத்துச் சுவர்' என்று எழுதியிருந்ததாம். வி.ஏ.ஓ. வாலிபர், அப்போதுதான் வேலைக்கு வந்தவர். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இரு தரப்பும் பள்ளிக்கு வரட்டும், அட்டையை வைத்துக்கொண்டு பேசுவோம் என்று சொல்லிவிட்டார். எனக்கு உள்ளுக்குள் பெருமை. ஒரு சாதாரண வாத்தியாரின் தேதிக் குறிப்பு, வருவாய்த்துறையையே சுவர் தேடி வரவைக்கிறதே!

அந்தப் பெருமை வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு வரை இருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே டீச்சர் கேட்டார்.

"சார், மேலத்தெரு பார்த்திபன் எது வரைக்கும் அளக்குறான்?"

"தண்ணித் தொட்டித் தூண் வரைக்கும்."

"அவனுக்கும் ரெண்டு குறைஞ்சிருக்கே சார். அப்ப தண்ணித் தொட்டியும் அவன் வீட்டப் பாத்து நவுந்து வருதுங்களா?"

எனக்குப் பிடிபடவில்லை. அவர் சிரிக்காமல், வெளியே நொண்டி ஆடிக்கொண்டிருந்த இலக்கியாவைக் கூப்பிட்டார். "காலக் காட்டு கண்ணு." அந்தக் கால் வளர்ந்திருந்தது. போதாததற்கு, பொங்கலுக்கு வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பு, இரண்டு வருஷத்துக்குப் போதும்படி ஒரு விரல் நீளம் பெரிதாக. தை மாதம் அவள் செருப்போடு அளந்திருக்கிறாள்.

"வேலி நவுரல சார். இவதான் வளர்ந்திருக்கா."

பாருங்கள், நான் கல்வெட்டுப் புத்தகங்கள் படிக்கிறவன். நிலம் அளக்கும் கோலின் நீளத்தையே கோயில் சுவரில் செதுக்கி வைத்த ஊர்கள் இந்தத் தஞ்சைப் பக்கம் உண்டு என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கல் வளராது என்பதால் கல்லில் வெட்டினார்கள். நான் ஏழு வயதுக் காலில் வெட்டினேன். நாலு பிள்ளைகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போனது என்று மகிழ்ந்தேனே, நாலு பேரும் சேர்ந்து வளர்ந்தால் ஒத்துப்போகாமல் என்ன செய்யும்?

நீங்கள் இனி உத்தியோகத்தில் சந்திக்கப்போகும் நெருக்கடிகள் பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும். தீ பிடிக்காது, வெள்ளம் வராது. உங்கள் கையெழுத்து போட்ட ஒரு தாள் தப்பு என்று உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கும், ஊரே அதை நம்பிக்கொண்டிருக்கும். அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. சொன்னால், 'பிள்ளைங்க காலை வச்சுப் பொய்க் கேசு போட்டாங்க' என்று பண்ணை இன்னும் இருபது வருஷத்துக்குச் சொல்லும். கீழத்தெரு அதற்குப் பிறகு வேலியைப் பற்றி வாய் திறக்க முடியாது. செல்வி மறுபடியும் கட்டிலில் போவாள். சொல்லாவிட்டால், ஒரு மனிதர் செய்யாத குற்றத்துக்கு என் அட்டை சாட்சி. அவர் வேறு எத்தனை குற்றம் செய்தவராக இருந்தாலும், இது செய்யாதது.

"சொல்லித்தான் ஆகணும்" என்றேன்.

"ஆமா சார். ஆனா, உள்ள நுழைஞ்சதும் மொதல் வேலையா சொல்லணும்னு அரசாணை எதுவும் இல்ல." டீச்சர் ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். "பண்ணை ஐயாவும் என்ன சொல்றாருன்னு கேளுங்களேன்."

சனிக்கிழமை. பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலைத் தாடை வரை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த பெஞ்சில் உட்கார்ந்து யாரும் அதிகாரம் பண்ண முடியாது. பேச்சுவார்த்தைக்கு அதைவிட நல்ல இடம் நான் பார்த்ததில்லை. பண்ணை சிதம்பரத்துக்கு மட்டும் என் நாற்காலி. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, அறுபது வயது, குரல் மட்டும் முப்பது வயது.

தங்கையன் அட்டைக்குப் பக்கத்தில் நின்று, மாதம் மாதமாக வாசித்தார். ஆடி பதினொன்று. புரட்டாசி பதினொன்று. தை பத்தே முக்கால். இப்படியே அடுத்த வருஷத்துத் தை வரை வந்து, "ஒம்பதரை!" என்று நிறுத்தினார். தெருச் சனம் மூச்சை இழுத்தது. வி.ஏ.ஓ. எழுதிக்கொண்டிருந்தார்.

இப்போது சொல்லிவிடுவோம் என்று எழுந்தேன். மனப்பாடம் செய்துகொண்டு வந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. "ஒரு நிமிஷம், இந்த அட்டையில..."

"நீ உக்காரு வாத்தியாரே!" என்றார் சிதம்பரம். "படம் வரைஞ்சு வச்சு ஊரக் கெடுத்தது போதும். நான் பேசிக்கிறேன்."

உட்கார்ந்தேன். பயத்தில் உட்கார்ந்தேனா, வேறு எதனாலா என்று இன்றுவரை நாட்குறிப்பில் நான் எழுதவில்லை. டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிதம்பரத்துக்கு உண்மையிலேயே ஆத்திரம். செய்யாததைச் செய்ததாகச் சொன்னால் யாருக்கும் வருகிற ஆத்திரம்தான். அட்டையைக் கையால் தட்டினார்.

"என்னா அநியாயம் இது? போன வருஷம் ஆடியிலேர்ந்து நான் அந்த வேலிய நவுத்துனேன்கிறீங்க. சாமி சத்தியமா சொல்றேன், இந்த ஒண்ணரை வருஷத்துல ஒரு குச்சியத் தொடல! ஒரு குச்சியத் தொட்டிருந்தா என் கை வெளங்காமப் போவட்டும்! நான் தள்ளி நட்டது தென்னம்பிள்ளை வச்ச வருஷம். அது ஆச்சு எத்தனையோ வருஷம், மரமே காய்ப்புக்கு வந்துட்டுது! அன்னிக்கு நட்டது நட்டபடி நிக்கிது!"

வி.ஏ.ஓ. எழுதுவதை நிறுத்தாமல், தலையைத் தூக்காமல், மிக மரியாதையாகக் கேட்டார்: "எவ்வளவு தள்ளி நட்டீங்கய்யா?"

"எல்லாம் ரெண்டு முழத்துக்கு மேல..."

அத்தோடு வாய் நின்றது. வி.ஏ.ஓ.வின் பேனா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நான் மறுபடியும் எழுந்தேன். இந்தத் தடவை என்னை உட்காரச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. "பண்ணை ஐயா சொன்னது முழுக்க உண்மை" என்றேன். "இந்த ஒன்றரை வருஷத்தில் வேலி நகரவே இல்லை. பிள்ளைகளின் கால் வளர்ந்திருக்கிறது, அதனால் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. தப்பு என்னுடையது. அட்டையை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்." இலக்கியாவைக் கூப்பிட்டு, செருப்போடும் செருப்பில்லாமலும் பெஞ்சை அளக்க வைத்துக் காட்டினேன்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று துள்ளினார் சிதம்பரம். "நான்தான் அப்பவே சொன்னேன்ல!"

"ஆமாங்கய்யா, சொன்னீங்க" என்றார் வி.ஏ.ஓ. "அதத்தான் எழுதிக்கிட்டிருக்கேன். ஒரு கையெழுத்து போட்டுருங்க."

தங்கையன் என்னை முறைத்தார். "அப்ப நாங்க ஊர்வலம் போனது இந்தக் குட்டிக்குக் காலு வளர்ந்ததுக்கா சார்?"

"வளரட்டுமே" என்றாள் செல்வி, இடுப்பில் கையை ஊன்றியபடி. "சோறு போடுறோம்ல?"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. கடைசியில் சிரித்தது சிதம்பரம். அதுவும் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு. அவர் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் வி.ஏ.ஓ., சர்வேயரைக் கூட்டிவந்து, நில எல்லை போட்ட புலப்படத்தை வைத்துச் சங்கிலி போட்டு அளந்துவிடலாம் என்று மெதுவாகச் சொன்னதும், "அதெல்லாம் எதுக்குத் தம்பி? அந்த வேலி செல்லரிச்சுக் கெடக்கு. நானே பிரிச்சுப் புதுசாக் கட்டணும்னுதான் இருந்தேன்" என்றார். திங்கட்கிழமை ஆள் வந்தது. புதன்கிழமை புது வேலி நின்றது, பழைய வேலிக்கு இரண்டு முழத்துக்கு மேல் உள்ளே. ஒரு தென்னை மட்டும் வெளியே, சந்தில் மாட்டிக்கொண்டது. அதன் இளநீர் தெருவுக்கா தோப்புக்கா என்பது வேறு வழக்கு. நான் ஓய்வு பெறும்வரை முடியவில்லை.

அட்டையை நான் கிழிக்கவில்லை. கீழே சிவப்பு மையில், 'அளந்த கால் வளர்ந்துகொண்டிருந்தது. எண்களை நம்ப வேண்டாம்' என்று எழுதித் தேதி போட்டேன். அடுத்த வாரம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நீளத்தில் மூங்கில் குச்சி வெட்டிக் கொடுத்தேன். குச்சியை வைத்து அவர்கள் முதலில் செய்தது ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டதுதான், ஆனாலும் வீட்டில் டிவி அணைந்திருந்தது.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். வீட்டுக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்பும்போது, அது பிள்ளையோடு நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். அது நடுவீட்டுக்குப் போகும், சந்துக்குப் போகும், வி.ஏ.ஓ. அலுவலகம் வரைக்கும் போகும். தப்பாகப் போனால், யார் உட்காரச் சொன்னாலும் இரண்டாவது தடவையாவது எழுந்துவிடுங்கள். முதல் தடவையே முடிந்தால் இன்னும் நல்லது. நான் அந்த அளவுக்கு நல்லவன் இல்லை.

மாசி இரண்டாவது புதன்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிஷம். பிரார்த்தனை முடிந்து பிள்ளைகளை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன். மெயின்ரோட்டிலிருந்து ஓர் ஆட்டோ திரும்பி, பள்ளியைத் தாண்டி, சந்துக்குள் நுழைந்தது. டீச்சரும் நானும் வாசலுக்கு ஓடினோம். வண்டி எங்கும் இடிக்காமல், எதிலும் சிராய்க்காமல், செல்வி வீட்டு வாசலில் போய் நின்றது. செல்வி ஒரு கையால் வயிற்றையும் ஒரு கையால் நிலையையும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. புருஷன் பையை வைத்துக்கொண்டு தவித்தான்.

"ஏறுங்கக்கா, சீக்கிரம்" என்றார் ஆட்டோக்காரர்.

செல்வி ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பப்போகிற சமயம் டிரைவர் தோளைத் தட்டினாள்.

"இரு தம்பி. வாசல் வரைக்கும் வந்துட்டு சும்மா திரும்புறதா? ஆரன அழுத்து. பண்ணை வூடு வரைக்கும் கேக்கணும்."

"அக்கா, வலி..."

"வலி எனக்குத்தான? நீ அழுத்து."

மூன்று தடவை அழுத்தினார்.